நாக்கைக் கட்டிய மணி

அத்தியாயம் 9

முந்தின நாள் மாலை யுவஸ்ரீ பரணிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தபோது, அந்தக் கறுப்புத் தொலைபேசி கரிச்சட்டி போல இருந்தது. இப்போது தீபாவின் மேசை மீது முகம் பார்க்கும்படி பளபளத்தது.

"அத்தை, நாளைக்கு எனக்குப் பூ வைக்க வராங்க இல்ல? அதுக்குள்ள இது அடிக்கணும்" என்று சொல்லி, தீபாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போயிருந்தாள் யுவஸ்ரீ. அண்ணன் திலீப்பின் ஒரே மகள்.

அவள் ஆசை இதுதான். மாப்பிள்ளை விஷ்ணு கூடத்தில் உட்கார்ந்தபடியே செல்போனிலிருந்து அவர்கள் வீட்டு எண்ணுக்கு அழைக்க வேண்டும். பழைய போன் கணகணவென்று அடிக்க வேண்டும். அவள் ரிசீவரை எடுத்து வெட்கத்தோடு "ஹலோ" சொல்ல வேண்டும். போட்டோக்காரர் அதைப் படம் பிடிக்க வேண்டும்.

சின்ன ஆசைதான். ஆனால் மாப்பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறான் என்பதுதான் தீபாவுக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது.

நகரி. அதே வீடு.

யுவஸ்ரீ பிறப்பதற்கு முன்னால், அவளுடைய தாத்தா மணவாளன் தன் மூத்த மகள் வரலட்சுமியை நகரியில் நூல் வியாபாரம் செய்த தீனதயாளனுக்குக் கொடுத்தார். அதே முகூர்த்தத்தில் தீனதயாளனின் தங்கை கவிதாவைத் தன் மகன் திலீப்புக்கு எடுத்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமும் நிற்காது.

கவிதா இங்கே நன்றாக வாழ்ந்தாள். வரலட்சுமி அங்கே ஒரு வருடம்கூட முழுதாக வாழவில்லை. ஸ்டவ் வெடித்துவிட்டது என்று சொன்னார்கள். போலீஸிலும் அப்படித்தான் எழுதினார்கள்.

தீபாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அக்காவின் முகத்தை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வரன் வந்தும் அவள் கழுத்தை நீட்டவில்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். மலையடிவாரத்துக்குப் போகும் தெருவில் சின்னதாகக் கடை பிடித்தாள். பழைய ரேடியோ, பழைய தொலைபேசிகளைச் சரிசெய்து, சினிமா ஷூட்டிங்குக்கும் சென்னை காபிக் கடைகளுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது வரப்போகிற விஷ்ணு, தீனதயாளனின் அண்ணன் மகன். அப்பா இல்லாத பிள்ளை. சித்தப்பா தீனதயாளன்தான் வளர்த்தார். "எங்கண்ணன் புள்ள, மொற மாப்ள. வெளியில தேடுவாங்களா?" என்று கவிதா ஒற்றைக் காலில் நின்று முடித்த சம்பந்தம் இது.

அன்று கிருத்திகை. தெரு முழுக்க மொட்டைத் தலைகளும் சந்தனமும். முருகன் மலைக்கோயில் மைக்கில் யாரோ காணாமல் போன குழந்தையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தீபா கதவைப் பாதி சாத்திவிட்டு வேலையில் உட்கார்ந்தாள்.

நேற்றே வெளிப்புறத்தைப் பாலிஷ் போட்டாயிற்று. நைந்திருந்த ரிசீவர் வயரையும் மாற்றியாயிற்று. ரிசீவரின் பேசும் பக்கத்தில் குரலை வாங்கும் கரித்தூள் இறுகிப் போயிருந்தது. உள்ளங்கையில் தட்டித் தட்டி இளக்கிவிட்டிருந்தாள். இனி வயிற்றுக்குள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அடியிலிருந்த திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். டயலின் பின்பக்கத்தைத் துடைத்து, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஒன்பதில் விரலை வைத்துச் சுற்றி விட்டாள். டிர்ர்ர் என்று தடங்கலில்லாமல் திரும்பி வந்தது.

கடையின் மோடத்தில் வயரைச் செருகினாள். ரிசீவரில் டயல் டோன் கேட்டது. செல்போனிலிருந்து கடை எண்ணை அழைத்துப் பார்த்தாள்.

மணி அடிக்கவில்லை.

ஆனால் மேசை லேசாக அதிர்ந்தது. போனுக்குள் ஏதோ துடித்தது. வாயைப் பொத்திய ஆள் உள்ளுக்குள்ளேயே கத்துவதுபோல.

டார்ச்சை எடுத்து உள்ளே அடித்துப் பார்த்தாள். இரண்டு உலோகக் கிண்ணங்கள். நடுவே அவற்றை மாறி மாறித் தட்ட வேண்டிய சின்னச் சுத்தி, மணியின் நாக்கு. தூசியைப் பிரஷ்ஷால் தள்ளினாள்.

கிண்ணங்களுக்கு அடியில் லுங்கித் துணி ஒன்று மடித்துத் திணிக்கப்பட்டிருந்தது. நாக்கைச் சுற்றி அரக்கு நிற நூல். இறுக்கமாக, அடுக்கடுக்காகச் சுற்றி, கடைசியில் முடிச்சு.

தறிவீட்டு முடிச்சு. அறுந்த இழையை இணைக்கும்போது போடுவது. இழுத்தால் இறுகுமே தவிர அவிழாது. தறி ஓடும் அவர்கள் வீட்டில் வாழ்ந்த எல்லோருக்கும் தூக்கத்தில்கூடப் போடத் தெரியும்.

தீபாவின் கை நின்றுவிட்டது.

அக்கா இறந்த அந்த ஐப்பசி மழை நினைவுக்கு வந்தது. "போன் கெட்டுப் போச்சு, இடி உழுந்துச்சு" என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் அவள் விளையாட்டாக ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தபோது கொர்ர் என்று சத்தம் கேட்டது. "அம்மா, போன் நல்லாத்தான் கீது" என்று ஓடிப்போய்ச் சொன்னாள். அம்மா ஞானம்மாள் அடுப்படியில் இருந்தாள். "பேச்சு கேக்குது, மணி தான்டி அடிக்கல. மழ உட்டதும் ஆளு வருவான்" என்றாள்.

மழை விடுவதற்கு முன்னால், நகரியிலிருந்து பைக்கில் ஒரு ஆள் சாவுச் செய்தியோடு வந்துவிட்டான்.

வாசலில் "ராத்திரி முச்சூடும் போன் அடிச்சிகினே இருந்தோம், உங்க வூட்ல யாருமே எடுக்கல" என்று அவன் சொன்னதும், அம்மா அப்படியே சுவரில் சரிந்ததும் தீபாவுக்கு இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. அம்மா அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

பிளேடால் நூலை அறுத்தாள். துணியை உருவினாள். மறுபடி அழைத்தாள்.

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி மணி அடித்தது.

---

ஸ்வீட் டப்பாக்களை வண்டியில் கட்டிக்கொண்டு திலீப் வந்தபோது, தீபா நூலை ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெடியா தீபா? யுவா ஒரே போன் மேல போன். எட்த்துகினு போலாமா?"

"அண்ணா, இத பாரு."

"இன்னாது?"

"மணிக்குள்ள இருந்துது."

திலீப் குனிந்து பார்த்தான். சிரித்தான். "எலி கிலி இஸ்துகினு போயி வெச்சிருக்கும்."

"எலி முடிச்சு போடுமா அண்ணா?"

சிரிப்பு நின்றது. அவன் நூலைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது.

"யாரோ வேணும்னே கட்டியிருக்காங்க. அந்த மழையில. அக்கா போன் பண்ணா நமக்குக் கேக்கக் கூடாதுனு கட்டியிருக்காங்க."

"அப்டி எப்டி சொல்ற? வேற எப்பவாவது..."

"அதுக்கப்பறம் அந்தப் போன் மேல யாரு கை வெச்சாங்க? அக்கா செத்த மறுநாளே அம்மா தூக்கிப் பரண்ல போட்டுச்சு. நீ கட்டுனியா?"

"தீபா!"

"நீ இல்லனா நைனாவா?"

திலீப் எழுந்துவிட்டான். "இன்னிக்கு வேணாம். சொல்றேன் கேளு. எம்பொண்ணுக்குப் பூ வைக்கிற நாளு. செத்தவ திரும்பியா வரப் போறா? கம்னு இரு."

அந்த "கம்னு இரு"வில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் கேட்டது. போனை எடுத்துப் போக வந்தவன், அதை எடுக்காமலே வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

அண்ணனுக்குத் தெரியும் என்று தீபாவுக்குப் பட்டது. எவ்வளவு தெரியும் என்பதுதான் தெரியவில்லை.

---

நைனா என்று பிள்ளைகள் கூப்பிடும் அப்பா மணவாளன், வீட்டின் பின்கட்டில், ஓய்ந்து கிடந்த பவர்லூம்களுக்கு நடுவே புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். விசேஷ நாளில் தறி ஓடாது. தறி ஓடாத நாளில் அவருக்கு எங்கே இருப்பதென்று தெரியாது.

தீபா போனைக் கூடத்தில் இணைப்புக் கொடுத்து வைத்துவிட்டு நேராக அவரிடம் போனாள். நூலை அவர் உள்ளங்கையில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

கிழவர் அந்த முடிச்சை விரலால் நெருடிப் பார்த்தார்.

"நீங்க கட்டுனீங்களா நைனா?"

"எம்மா... எத்தினி வருஷம் எழுதிப் போட்டு வாங்குன போனு தெரியுமா அது? எம்பொண்ணுங்க பேசறதுக்குத் தான் வாங்குனேன். அது வாய நானா கட்டுவேன்?"

"அப்ப யாரு?"

"அந்த மழையில நான் வூட்லயே இல்லம்மா. பொதட்டூர்பேட்டையில கெடந்தேன், அங்க நம்ம தறிக் கொட்டாய்ல தண்ணி பூந்துச்சு. உங்கண்ணனும் எங்கூடத் தான் இருந்தான்." அவர் குரல் தழுதழுத்தது. "உங்கம்மா அடுப்படியில. கவிதா மசக்கையில, கூடத்துல படுத்துகினு இருந்தா."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். தான் சொன்னது தனக்கே அப்போதுதான் கேட்டதுபோல மகளைப் பார்த்தார்.

கூடத்தில். போன் இருந்த கூடத்தில்.

"நைனா..."

"வேணாம்மா. ஒண்ணும் பேசாத. புள்ள சந்தோஷமா கீறா." அவர் நூலை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தீபா கூடத்துக்குத் திரும்பியபோது யுவஸ்ரீயின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பச்சைப் பட்டில் ஓடிவந்து தீபாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அத்தை, சூப்பர்! புதுசு மாதிரி கீது! மணி அடிக்குமா?"

அவளுக்குப் பின்னால் கவிதா நின்றிருந்தாள். கையில் மல்லிப்பூ. கண் மட்டும் மேசை மேலிருந்த போனில்.

"அடிக்கும்" என்றாள் தீபா, அண்ணியைப் பார்த்துக்கொண்டே. "நல்லா அடிக்கும்."

கவிதாவின் உதடு ஏதோ சொல்ல அசைந்தது. "காபிக்குப் பால் வெக்கணும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

---

கிருத்திகைக் கூட்டத்தில் சிக்கி நகரிக்காரர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள். இரண்டு கார்கள். முதல் காரிலிருந்து விஷ்ணுவும் அவன் அம்மாவும் உறவுப் பெண்களும் இறங்கினார்கள். இரண்டாவது வெள்ளைக் காரிலிருந்து தீனதயாளன் தனியாக இறங்கினார்.

வெள்ளை வேட்டி, செண்ட் வாசனை, கைகூப்பிய சிரிப்பு. அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மணவாளனின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். கிழவர் காலை இழுத்துக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை, தீபாவைத் தவிர.

"இன்னாம்மா தீபா, நல்லா கீறியா?"

"நல்லா கீறேன் பாவா."

அக்காவின் கணவரை அவள் பாவா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். இன்றைக்கு அந்த வார்த்தை நாக்கில் கசந்தது.

தட்டுகள் மாறின. பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். விஷ்ணு நல்ல பையனாகத்தான் தெரிந்தான்; பெரியவர்கள் பேசும்போது தலைகுனிந்து கேட்டான், யுவஸ்ரீ வந்ததும் காது சிவக்க நெளிந்தான். போட்டோக்காரர் அவளைப் போன் பக்கத்தில் உட்கார வைத்துப் புடவை மடிப்பைச் சரிசெய்யச் சொன்னார்.

"சார், இப்ப போன் போடுங்க. மேடம், மணி அடிச்சதும் உடனே எடுக்காதீங்க. ரெண்டு தடவ அடிக்கட்டும்."

விஷ்ணு சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்தான்.

தீனதயாளனும் சிரித்தார். காபி டம்ளரை ஆற்றியபடி, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"டேய் விஷ்ணு, சொம்மா கை வலிக்கப் போட்டுகினு இருக்காத. அந்தப் போன்ல பேச்சு வரும், மணி வராது. அதுக்கு நாக்கு கெடையாது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை.

கணகணவென்று மணி அடித்தது.

கூடமே அதிர்ந்தது. சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள். அடுப்படி வாசலில் கவிதா கையிலிருந்த காபித் தட்டு அப்படியே நழுவி விழுந்தது. டம்ளர்கள் உருண்டு ஓடின. சூடான காபி காலில் கொட்டியும் அவள் நகரவில்லை.

யுவஸ்ரீ ரிசீவரை எடுத்துவிட்டாள். ஆனால் ஹலோ சொல்லவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீபா எழுந்தாள்.

நைனா வேண்டாம் என்று தலையாட்டுவது தெரிந்தது. அண்ணன் அவள் கையைப் பிடிக்க வந்ததும் தெரிந்தது. உதறினாள்.

"பாவா, அதுக்கு நாக்கு இல்லனு உங்களுக்கு யாரு சொன்னது?"

"உங்க வூட்டுப் போன் கெட்டுப் போனது ஊருக்கே தெரியுமேம்மா."

"கெட்டுப் போச்சுனு தான் ஊருக்குத் தெரியும். பேச்சு வரும், மணி மட்டும் வராதுன்றது இந்த வூட்டுக்குள்ள இருந்தவங்களுக்குத் தான் தெரியும். எங்கக்கா செத்த அன்னிக்கு நீங்க போலீஸ்ல இன்னா சொன்னீங்க? ராத்திரி முச்சூடும் போன் போட்டோம், பொண்ணு வூட்ல யாருமே எடுக்கலனு சொல்லல?"

தீனதயாளன் டம்ளரைக் கீழே வைத்தார். "பழைய கதம்மா. நல்ல நாள்ல எதுக்கு?"

"நாக்குல நூலச் சுத்திக் கட்டி வெச்சிருந்துது. மணி அடிக்காதுனு தெரிஞ்சுகினே போட்டீங்களா?"

போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார்.

"இன்னா அத்தை சொல்ற?" என்றாள் யுவஸ்ரீ. ரிசீவரை இன்னும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். "யாரு இத கட்டுனது?"

தீபா வாயைத் திறப்பதற்குள் திலீப் குறுக்கே வந்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், மனைவியைப் பார்த்தான். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னான்.

"நான் தான் கட்டுனேன்."

"டேய்!" என்றார் மணவாளன்.

"நான் தான் நைனா. அக்கா வாழாம வந்துட்டா கவிதாவையும் திருப்பி அனுப்பச் சொல்லுவீங்கனு... புள்ளத்தாச்சி. நான் தான் கட்டுனேன்."

மணவாளன் சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து மகன் முகத்துக்கு நேரே நீட்டினார். "அந்த மழையில நீ எங்கூட முட்டிக்கால் தண்ணியில நின்னுகினு இருந்தடா, பாவி. யாரக் காப்பாத்தப் பொய் சொல்ற?"

திலீப் தலை குனிந்தான். கவிதாவின் காபி கொட்டிய பாதம் சிவந்து கொப்புளித்துக்கொண்டிருந்தது. அதைக்கூடக் குனிந்து பார்க்காமல் தன் அண்ணன் தீனதயாளனையே பார்த்தபடி நின்றாள். அடி வாங்கப்போகும் குழந்தை பார்ப்பதுபோல.

விஷ்ணுவின் அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நல்ல நேரம் போய்விடும் என்று மட்டும் தோன்றியிருக்க வேண்டும். பூச்சரத்தை எடுத்துக்கொண்டு யுவஸ்ரீயிடம் போனாள்.

யுவஸ்ரீ தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ரிசீவரை மெதுவாக அதன் இடத்தில் வைத்தாள்.

"பூவக் கீழ வைங்க" என்றாள். அழவில்லை. "எங்க வரலட்சுமி அத்தை எப்டி செத்தாங்கனு எனக்குச் சொல்லுங்க. அப்பறம் வைங்க."

விஷ்ணுவின் அம்மா பூச்சரத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

தீனதயாளன்தான் முதலில் எழுந்தார். அப்போதும் முகத்தில் கோபமில்லை. "நாளு சரியில்ல போல. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று எல்லோருக்கும் கைகூப்பினார். வாசலில் தீபாவைக் கடக்கும்போது நின்றார். அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"உங்கக்கா எப்பவும் போன் பக்கத்துல தான் உக்காந்துகினு இருப்பா. நான் ஒரு நாள் கூடத் தடுத்தது இல்லம்மா. நம்பரச் சுத்தட்டும்னு வுட்டுட்டேன்."

செண்ட் வாசனை போன பிறகும் தீபாவால் அங்கிருந்து நகர முடியவில்லை.

---

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அவள் கடைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மொட்டைத் தலைகளும் குழந்தைகளுமாகக் கூட்டம் பஸ் ஸ்டாண்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஷட்டரைத் தூக்கிவிட்டு, விளக்குப் போடாமல் உட்கார்ந்தாள்.

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. விஷ்ணு.

"எங்கம்மாவ நகரிக்கு அனுப்பிச்சிட்டேன். இங்க ஃப்ரெண்டு வண்டிய வாங்கிகினு வந்தேன்" என்றான். உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தான். "சித்தி, உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சித்தி. அக்காவை அவன் அப்படித்தான் கூப்பிட்டிருப்பான். தீபா ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள்.

"சொல்லுப்பா."

"எனக்கு அப்ப நாலு வயசு இருக்கும். லட்சுமி சித்தி என்ன மடியில வெச்சிகினு போன் சுத்துவாங்க. அவங்க கை வெரலெல்லாம் துணி சுத்தியிருக்கும். அதனால நம்பர நான் தான் சுத்துவேன். அவங்க சொல்லச் சொல்லச் சுத்துவேன். எனக்கு அது வெளையாட்டு."

"விரல்ல எதுக்குத் துணி?"

விஷ்ணு தன் விரல்களை மடக்கிக்கொண்டான். அது காயத்துக்குப் போட்ட கட்டு என்று தீபாவுக்குப் புரிந்தது.

"தெனம் சுத்துவோம். யாரும் எடுக்க மாட்டாங்க. ஆனா ஒரு நாள் எடுத்தாங்க."

தீபா நிமிர்ந்தாள். "யாரு?"

"கவிதா அத்தை. கல்யாணத்துக்கு முன்னாடி என்னத் தூக்கி வளத்தவங்க, அவங்க கொரல் எனக்குத் தெரியாதா? அந்தக் காலத்துப் போனு, பக்கத்துல இருந்தாலே கேக்கும். லட்சுமி சித்தி 'என்ன வந்து இட்டுகினு போகச் சொல்லு கவிதா'னு அழுதாங்க. அத்தையும் அழுதாங்க. அழுதுகினே சொன்னாங்க..."

அவன் நிறுத்தினான்.

"இன்னா சொன்னா?"

"'நீங்க இங்க வந்துட்டா நான் எங்க போவேன் அண்ணி?'னு."

மணியைக் கட்டிய பிறகும், கூடத்தில் படுத்திருந்தவளுக்குப் போன் துடிப்பது தெரிந்திருக்கும். தீபா இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. இத்தனை வருடம் அந்தக் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறாள். அந்த மடியில் படுத்து அக்காவுக்காக அழுதிருக்கிறாள்.

"இத்தினி நாளா ஏன்பா சொல்லல?"

"வெளையாட்டுனு தான் சித்தி ஞாபகம் இருந்துச்சு. இன்னிக்கு மணி அடிச்சப்ப அத்தை மூஞ்சப் பாத்தேன். அப்ப தான் எல்லாம் தெரிஞ்சிச்சு." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அத்தை கிட்டயே கேக்கலாம்னு போனேன். வூட்ல இல்ல."

அப்போதுதான் தீபாவின் செல்போன் அடித்தது. திலீப்.

"தீபா, உங்கண்ணி அங்க வந்தாளா?"

"இல்லயே. ஏன்?"

"பின்வாசல் வழியாப் போயிருக்கா. அவங்கண்ணன் வண்டியில ஏறுனத பின்னாடி வூட்டம்மா பாத்துதாம். போன் போட்டா சுவிச் ஆஃப்னு வருது." அவன் மூச்சு வாங்கினான். "அண்ணன் வூடு தான, இருக்கட்டும்னு தான் நெனச்சேன். ஆனா யுவா ஒரே அழுகை. 'அம்மாவத் தனியா அனுப்பாதீங்க நைனா, மாமா மூஞ்சி எனக்குப் பயமா இருந்துச்சு'ன்றா."

தீபா செல்போனைப் பொத்திக்கொண்டு விஷ்ணுவிடம் கேட்டாள். "உங்க சித்தப்பா நகரிக்குப் போய்ச் சேந்துட்டாரா?"

விஷ்ணு தன் அம்மாவை அழைத்தான். "ஆங்... ஆங்மா..." என்று கேட்டுக்கொண்டே வந்தவனின் முகம் மாறியது.

"எங்க வண்டி வூட்டுக்கு வந்துடுச்சாம். சித்தப்பா வண்டி பின்னாடியே வருதுனு நெனச்சாங்களாம். அப்பறம் பாத்தா வரல. கூட வந்த மாமா ஒருத்தர் பாத்திருக்காரு. நகரி ரோட்ல ஏறல சித்தி. திருவாலங்காட்டுப் பக்கம் திரும்பிச்சாம்."

"அந்தப் பக்கம் உங்களுக்கு யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

அந்தப் போனில் என்ன பேசினார்கள் என்று வாய்திறந்து சொல்லக்கூடிய ஒரே ஆள் கவிதா. மணியைக் கட்டியதை யாரிடம் போய்ச் சொன்னாள், யார் சொல்லிக் கட்டினாள் என்று தெரிந்த ஒரே ஆள். அதைத் தீபா இன்று நாலு பேர் முன்னிலையில் தீனதயாளனுக்கு நினைவூட்டிவிட்டாள்.

ஒரு நிமிடம் முன்னால்வரை, அந்த அண்ணி கண்முன் வந்தால் கழுத்தை நெரித்திருப்பாள்.

"வண்டிய எடு" என்றாள்.

ஷட்டரை இழுத்துவிட்டாளா, பூட்டினாளா என்பதே அவளுக்கு நினைவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து, ஹாரன் அடித்து, திட்டு வாங்கி, ஊரைத் தாண்டியபோது வானம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. நெல் வயல்கள் முடிந்து கரும்பு தொடங்கியது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பு, ரோட்டின் இரண்டு பக்கமும் சுவர் போல நின்றது. எதிரில் ஒரு வண்டிகூட இல்லை.

"செத்துப் போனவளுக்குத் தான் நேரத்துக்குப் போக முடியல, இவளுக்காவது போவணும்" என்று அவள் முணுமுணுத்தது காற்றில் போயிற்று. விஷ்ணுவுக்குக் கேட்டிருக்காது.

வளைவில் திரும்பியதும் அவன் பிரேக்கை அழுத்தினான்.

முன்னால், ரோட்டை விட்டு இறங்கிய மண்பாதையில், வெள்ளைக் கார் நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கக் கதவுகளும் திறந்திருந்தன. உள்ளே யாரும் இல்லை.

தீபா பைக் நிற்பதற்கு முன்பே குதித்தாள்.

"அண்ணி!"

பதில் இல்லை.

"அண்ணி, நான் தான், தீபா! எங்க கீறீங்க?"

கரும்புக்குள் எங்கோ தோகை சரசரத்தது. ஒருவர் ஓடுவதுபோல. கொஞ்சம் தள்ளி இன்னொரு சரசரப்பு. அதில் அவசரமே இல்லை.

தீபா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.